நீலத்துக்கு மேல் வெள்ளை

திருச்சபையின் ஆண்டு மலரில் அவரைப் பற்றி இப்படி அச்சாகியிருக்கிறது: “திரு. பிரபுதாஸ், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், சபைச் செயலர். மறைக்கத் தெரியாதவர். ஏழையின் நியாயத்துக்காக முதலில் எழுந்து நிற்பவர்.”

வாசகத்தை எழுதிக்கொடுத்தவரும் அவர்தான். அவருக்குத் தமிழ் நன்றாக வரும் என்று மலர்க்குழு அந்தப் பக்கத்தை அவரிடமே விட்டிருந்தது.

சங்கரன்கோவிலில் அவர் வீட்டுக் கொட்டகையில் அப்பா ஜோஷுவா விட்டுப்போன வெள்ளை அம்பாசடர் நின்றது. மகன் கிறிஸ்வின் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை அதில்தான் கோயிலுக்குப் போக வேண்டும் என்று பிரபுதாஸுக்கு ஆசை. பழைய பெயிண்டை உரிக்கப் பட்டறையில் விட அவருக்கு மனசில்லை. வாழ்நாளெல்லாம் அறிவியல் பாடம் எடுத்தவர் ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டுத் தானே இறங்கிவிட்டார். பெயிண்ட் ரிமூவரைத் தடவினால் பத்து நிமிடத்தில் வெள்ளை கொப்புளம் கொப்புளமாகப் பொங்கும். தகட்டை வைத்துச் சுரண்டினால் தோலாக வரும். தலைமையாசிரியராக இருந்தவருக்கு இதில் அலாதியான சந்தோஷம்.

வீட்டுக்குப் பின்னால் காலி மனையில் ஆடு மேய்க்கும் ஆறுமுகச்சாமி தினமும் வந்து கொட்டகை வாசலில் குந்துவார். எழுபது தாண்டியவர். இரண்டு கண்ணிலும் புரை. ஆள் நிழலாகத் தெரியும், நிறம் தெரியாது.

“சார்வா, கீழ என்ன கலருன்னு பாத்தியளா?”

“இன்னும் வெள்ளையே போகலவே. கலர் தெரிஞ்சு ஒமக்கு என்ன ஆகப்போவுது?”

“நீலம் வந்தாச் சொல்லுங்க.”

“ஊர்ல உள்ள பழைய காருக்கெல்லாம் இதைத்தான் கேக்கீராமே. நீலக்காருன்னே ஒமக்குப் பேரு வச்சிருக்கானுவ.”

“வச்சிட்டுப் போறானுவ.”

ஊருக்கு அது நாற்பத்தைந்து வருடத்துப் பழைய நகைச்சுவை. மேலநீலிதநல்லூர்ப் பக்கம் ரோட்டோரக் காட்டில் ஆட்டுக்கிடை போட்டிருந்தபோது, கார்த்திகை மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், விடியுமுன் ஆறுமுகச்சாமியின் மனைவி இசக்கித்தாயை ஒரு கார் அடித்துப்போட்டது. திரும்பிப் போன காரின் நீலத்தை அவர் ஒருவர்தான் பார்த்தார். ஆடு மிரண்டு மிதித்துச் செத்தாள் என்று போலீஸ் காகிதத்தில் எழுதினார்கள். இசக்கித்தாயின் அம்மா வீட்டார் அதையும் நம்பவில்லை. கட்டினவனே அடித்துக் கொன்றான் என்றார்கள். கைக்குழந்தை சுமதியை ராயகிரிக்குத் தூக்கிப் போய், அதைச் சொல்லிச் சொல்லியே வளர்த்தார்கள். சுமதி இன்றுவரை அவரை அப்பா என்று கூப்பிட்டதில்லை.

வியாழக்கிழமை இடது முன் மட்கார்டில் வெள்ளை உரிந்தது. அடியில் நீலம்.

பிரபுதாஸ் உள்ளே போய், பள்ளிக்கூடத்திலிருந்து கூடவே வந்துவிட்ட காந்தத்தை எடுத்துவந்தார். கதவில் வைத்தார், ஒட்டியது. மட்கார்டில் வைத்தார், நழுவி விழுந்தது. இரும்புக்கு மேல் பட்டிப் பசை வைத்துப் பூசியிருக்கிறார்கள். தகட்டால் நெம்பினார். விரல் கனத்துக்குப் பட்டி பெயர்ந்து விழ, பூசணிக்காய் அளவுக்கு ஒரு பள்ளம் வெளியே வந்தது.

அவருக்குக் கணக்கு நன்றாக வரும். இசக்கித்தாய் செத்த கார்த்திகையில் அவர் ஹாஸ்டலில் படித்துக்கொண்டிருந்தார். அப்பாவுக்கு நாசரேத் பக்கம் வேலை. கார் வாங்கியாயிற்று, சனிக்கிழமை விடியுமுன் ஊருக்குக் கொண்டுவருகிறேன் என்று கடிதம் போட்ட அப்பா, அந்தச் சனிக்கிழமை வரவில்லை. கிறிஸ்துமஸுக்குத்தான் வந்தார், வெள்ளைக் காரில். வந்ததும் கோயிலில் ஸ்தோத்திரக் காணிக்கை வைத்தார். யார் எதற்காக வைத்தார்கள் என்று சபை முன் வாசிக்கும் அந்தப் பட்டியலை அன்று வாசித்தது, குரல் நல்லது என்பதற்காக, பிரபுதாஸ்தான். ‘பெரிய ஆபத்திலிருந்து காத்ததற்காக, ஒரு குடும்பம்.’

காப்பி கொண்டுவந்த மனைவி மார்த்தாள் நின்றுவிட்டாள்.

“ஏங்க, இது நீலம்லா?”

“அடிப்பூச்சு அப்படித்தான் இருக்கும்.”

“அந்த ஆட்டுக்காரரு இதைத்தான...”

“அடுப்புல மீன் கருகுது பாரு.”

மீன் கருகவில்லை. மார்த்தாள் மாமனார் பெயர் வைத்த பள்ளி மண்டபத்தை நினைத்தாளோ, மகன் கல்யாணத்தை நினைத்தாளோ, போய் அடுப்பைப் பார்த்தாள்.

ஆறுமுகச்சாமி வந்தார். இன்றைக்குக் குந்தவில்லை. காரைத் தடவிக்கொண்டே முன்பக்கம் வந்தார்.

“சுமதி மகளுக்கு வார ஞாயித்துக்கெழம கல்யாணம், சார்வா. எனக்குச் சொல்லல. சார்வா மாதிரி ஒருத்தர் வந்து, ஏட்டி, அது காருதான், ஒங்கப்பன் இல்லன்னு ஒரு வார்த்தை சொன்னா நம்பிருவா. நான் சொல்லித்தான் நம்ப மாட்டேங்கா.” கை பள்ளத்தில் இறங்கியது. “இங்கன என்ன, பள்ளமாக் கெடக்கு?”

“மாடு முட்டுனது.”

“மாடா?” அவர் காரை ஒட்டி நின்று, பள்ளத்தின் உயரத்தைத் தன் தொடையில் கை வைத்து அளந்தார். “அவ குட்டை. அவளுக்கு இது இடுப்புக்கு வரும்.” “கீழ என்ன கலரு, சார்வா?”

“கறுப்பு.”

“நல்லாப் பாத்துச் சொல்லுங்க.”

“கறுப்புன்னா கறுப்புதாம்வே. நான் என்ன பொய்யா சொல்லுதேன்?”

“சேச்சே. சார்வா வாயில பொய் வருமா?” அவர் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். “அப்ப இது இல்ல.”

அவர் ஆடுகளைப் பத்திக்கொண்டு போனதும் பிரபுதாஸ் பட்டி குழைத்துப் பள்ளத்தை நிரப்பினார். காய்ந்தபின் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். மற்ற இடமெல்லாம் இரும்பு வரை உரித்தவர், அந்த மட்கார்டில் மட்டும் நீலத்துக்கு மேலேயே வெள்ளை அடித்தார். ராயகிரியில் சுமதியின் மகளுக்குக் கல்யாணம் நடந்த ஞாயிற்றுக்கிழமை, பெயர் போடாத உறை ஒன்றைக் காணிக்கைப் பையில் போட்டார். ‘பெரிய சங்கடத்திலிருந்து காத்ததற்காக, ஒரு குடும்பம்’ என்ற வரியை, செயலர் என்ற முறையில், சபை முன் அவரே வாசித்தார்.