நிக்கொலஸ் அளந்த கரை

கடலரிப்பைப் பற்றி விளக்க அதிகாரிகள் வந்த கூட்டத்தில், பின்வரிசையிலிருந்து நிக்கொலஸ் சொன்னார்: "அரிக்கிறது கறையான். கடல் தேய்க்கும்."

கூட்டம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. அவரைப் பொறுத்தவரை இரண்டும் வேறு. அரிப்பது உள்ளே இருந்து தின்று ஒருநாள் விழுத்திவிடும். தேய்வது அப்படியல்ல. மீன் வெட்டும் கத்தி தேயும், ஆனாலும் வெட்டும். மணலில் இழுபட்டு வள்ளத்தின் அடிப்பலகை தேயும், ஆனாலும் மிதக்கும். நாற்பது வருடம் கரைவலை இழுத்த அவரது உள்ளங்கையில் ரேகையே இல்லை, கை இருந்தது. தேய்மானத்தோடு குடித்தனம் நடத்தலாம் என்பது அவர் கட்சி.

மனைவி மாக்கிறட் சீனி வருத்தம் என்ற நீரிழிவில் தேய்ந்து, போர் முடிந்த மூன்றாம் வருடம் இறந்தாள். சேமக்காலையில் வேறு கல்லறைக்கு இடமில்லாமல், கடல் பக்கத்துக் கடைசி வரிசையில் அடக்கம் செய்தார்கள். அந்த நவம்பர், இறந்தோரின் திருநாளில், அவளுடைய சிலுவையிலிருந்து தண்ணீர் வரை நடந்து, ஒவ்வொரு எட்டையும் ஒரு கவடாக எண்ணினார். ஐம்பத்திரண்டு. அடுத்த வருடம் ஐம்பது. பிறகு நாற்பத்தேழு.

எலும்புகளை ஊருக்குள் இருக்கும் புதுக் காணிக்கு மாற்றலாம் என்று பங்குச் சாமியார் வீடு வீடாகச் சம்மதம் கேட்டு வந்தபோது, நிக்கொலஸிடம் அந்த எண்கள் இருந்தன.

"வருசம் ரெண்டு மூண்டு கவடுதான் பாதர். அது அவகிட்ட வர முதல் நான் போயிருவன். ஒருத்திய ரெண்டு தரம் அடக்கம் பண்ண என்னால ஏலாது."

பதினொரு குடும்பங்கள் மாற்றின. அவர் கையெழுத்துப் போடவில்லை.

இதற்கிடையில் அவருடைய முழங்கால் போனது. எலும்பு தேய்ந்திருக்கிறது என்றார் டொக்டர். ஊன்றுகோல் வந்தது. கண்ணிலும் வெண்படலம் விழுந்தது. ஆனாலும் திருநாள் தவறாமல் எண்ணினார்.

எட்டாம் வருடம் மகள் நிஷாந்தினியும் மருமகன் றொகானும் சிலாபத்திலிருந்து வந்திருந்தார்கள். நிக்கொலஸ் முணுமுணுத்துக்கொண்டே தண்ணீர் வரை போய், "முப்பது," என்றார். பக்கத்தில் நடந்த றொகான் தலையைச் சொறிந்தான்.

"எனக்குப் பதினாறுதான் வந்திச்சு மாமா."

"ஒட்டகம் மாதிரி நடந்தா அப்படித்தான் வரும்."

"அவர் சரியாத்தான் நடந்தார் அப்பா," என்றாள் நிஷாந்தினி. "நீங்கதான் இப்ப ஒரு கவட்ட ரெண்டா வைக்கிறீங்க."

நிக்கொலஸ் மணலைப் பார்த்தார். றொகானின் தடங்கள் ஒன்றுக்கொன்று எட்ட எட்டக் கிடந்தன. அவருடைய தடங்கள் குதியும் விரலும் முட்டிக்கொண்டு, ஊன்றுகோலின் குழிகளோடு நெருங்கிக் கிடந்தன. கரை குறையக் குறைய அவர் கவடும் குறைந்திருக்கிறது. எண் மட்டும் நல்ல பிள்ளையாக மெல்ல மெல்ல இறங்கியிருக்கிறது.

"இன்னொரு தரம் எண்ணு மகன்," என்றார். பதினாறுதான்.

அன்று பின்னேரமே போய்க் கையெழுத்துப் போட்டார். சனிக்கிழமைக்குக் குழி தோண்ட ஆள் பிடித்தார் பாதர். வியாழக்கிழமை காற்று மாறியது. வெள்ளி விடிந்தபோது கடைசி வரிசை இல்லை. கடல் அடியால் குடைந்து, திட்டை முழுசாக உள்ளே இழுத்திருந்தது. சனிக்கிழமை வந்த ஆட்கள் மண்வெட்டிகளோடு கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பிப் போனார்கள். றொகான் இரண்டு நாள் கரை நெடுகத் தேடினான். யாருடையதோ ஒரு சிலுவையின் குறுக்குச் சட்டம் மட்டும் ஒதுங்கியிருந்தது.

கடல் அடங்கி வள்ளங்கள் போய் வந்ததும், நிஷாந்தினி பாரை மீன் வாங்கிப் புளி விட்டுக் காய்ச்சினாள். நிக்கொலஸ் சோற்றுக் கோப்பையை மெல்லத் தள்ளி வைத்தார்.

"காரமா அப்பா?"

"இல்ல மகள். இந்தக் கடல் மீன் இனி எனக்கு வேணாம்."

அவள் எழுந்து போய்ப் பருப்பைச் சூடாக்கினாள்.