லிஃப்ட் இல்லை, வாங்காதீர்கள்

எங்க சித்தப்பா லிஃப்ட் மெக்கானிக். பகலெல்லாம் ஊரான் லிஃப்டுக்குள் தலையை விட்டுக்கொண்டிருப்பவர், வீட்டுக்கு வந்து கை கழுவியதும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, கேமுக்குள் லிஃப்ட் எங்கே என்று தேடுவார். பின்னால் பேய் துரத்தும். இவர் பாட்டுக்குப் பொத்தானை அமுக்கிவிட்டு, கதவு எத்தனை நொடியில் மூடுகிறது என்று எண்ணிக்கொண்டு நிற்பார். பேய் கொன்றுவிடும்.

"செத்தா என்ன, மறுபடி வரலாம். கதவுல சென்சார் வைக்கலையே, அதச் சொல்லு" என்பார்.

எந்த கேமை வாங்கலாம், எதை வாங்கக்கூடாது என்று ஆயிரம் பேர் அடித்துக்கொள்ளும் இணையக் குழு ஒன்றில் அவர் பெயர் 'லிஃப்ட் அண்ணன்'. விமர்சனம் மூன்று வரிக்கு மேல் போகாது. "பேய் அருமை. சத்தம் அருமை. நாலாவது மாடியில் தரைக்கும் லிஃப்டுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி, குழந்தைகள் கால் மாட்டும்." முதலில் எல்லோரும் ஓட்டினார்கள். போகப்போகத்தான் புரிந்தது. லிஃப்டை ஒழுங்காகச் செய்தவன் மற்றதையும் ஒழுங்காகத்தான் செய்திருப்பான். "அண்ணன் சொல்லட்டும், அப்புறம் வாங்குவோம்" என்று காத்திருக்க ஆரம்பித்தார்கள். வீட்டில் அவர் சொல்லி டிவி சத்தத்தைக்கூட யாரும் குறைத்ததில்லை. அதனால் அந்தப் பெயர் அவருக்கு உசுரு.

அந்த உசுரில்தான் நான் கை வைத்தேன்.

பத்தாவதோடு படிப்பும் நானும் சமாதானமாகப் பிரிந்துவிட்டோம். சித்தப்பா வீட்டில்தான் வாசம், நிறைய நேரம் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் சாப்பிட எழுந்து போக, கம்ப்யூட்டர் திறந்தே கிடந்தது. அவர் பெயரில் நாலு விமர்சனம் தட்டினேன். சதுரங்கம்: "யானை இருக்கு, குதிரை இருக்கு. லிஃப்ட் இல்லை, வாங்காதீர்கள்." கால்பந்து: "இருபத்திரண்டு பேர் ஓடியே சாகிறார்கள். லிஃப்ட் இல்லை, வாங்காதீர்கள்." மீன்பிடி கேமுக்கும் பண்ணை கேமுக்கும் இதே தீர்ப்பு. என் அறிவை நானே மெச்சிக்கொண்டேன்.

ஒன்றை மறந்துவிட்டேன். அந்தக் குழுவில் யார் விமர்சனம் எழுதினாலும், அந்த கேமை எத்தனை மணி நேரம் ஆடினார் என்பது பெயருக்குப் பக்கத்தில் தானாகவே விழும். நாலிலும் விழுந்திருந்தது: பூஜ்ஜியம்.

சாயங்காலத்துக்குள் பற்றிக்கொண்டது. "அண்ணே, ஆடாமலே எழுதுறீங்களா?" "இத்தன நாளும் இப்படித்தான் அடிச்சு விட்டீங்களா?" 'அரைத்தூக்கம்' என்று ஒருத்தர், சித்தப்பா சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குகிற ஆள், ஒரே ஒரு வரி போட்டிருந்தார்: "உங்கள நம்பினேன்."

சித்தப்பா அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காது மட்டும் சிவந்திருந்தது.

"என்னங்க, யாராவது போயிட்டாங்களா?" என்று சித்தி கேட்டாள்.

"நான்தான்."

நான் கதவோரத்திலிருந்து முன்னால் வந்தேன். "சித்தப்பா, அது நான்தான் எழுதினேன்."

"நாலுமா?"

"நாலும்."

"அந்த யானை குதிரையுமாடி?"

"அதுவும்."

அவர் உதடு லேசாகத் துடித்தது. சிரிப்பு வந்ததை விழுங்கிக்கொண்டார் என்று இன்றைக்கும் சத்தியம் செய்வேன்.

"இந்தக் கழுத எழுதிச்சுன்னு போட்டுடுங்க, தீர்ந்துச்சு" என்றாள் சித்தி.

"லிஃப்ட் கதவத் திறந்து போட்டு, எச்சரிக்கைப் பலகை வைக்காம சாப்பிடப் போறவன், உள்ள விழுந்தவனத் திட்ட முடியுமா? திறந்து போட்டது நான். என் பேர்ல எழுதியிருக்கு. ஆடிட்டாப் போச்சு."

நிஜமாகவே நாலையும் வாங்கினார். தினமும் வேலை முடிந்து வந்ததும் ஆட்டம். தண்டனையாக எனக்குப் பக்கத்து ஸ்டூல். சதுரங்கத்தில் ராணியைக் காப்பாற்றுவதற்காக ராஜாவைக் காவு கொடுத்தார். கால்பந்தில் சொந்த வலைக்குள்ளேயே கோல் அடித்து, "எவ்வளவு நேரா போச்சு பாத்தியா" என்றார். மீன்பிடியில் தூண்டிலோடு தூங்கியே போனார்.

பண்ணையில் இருபத்தாறு மணி நேரம் உழுது களை பறித்த பிறகு, மலையடிவாரத்தில் ஒரு சுரங்கம் திறந்தது. உள்ளே போனவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"ஏய், லிஃப்ட்டுடி!"

ஏழு தடவை ஏறி இறங்கினார். எட்டாவதில் முகம் விழுந்துவிட்டது. "இல்லைன்னு எழுதியிருக்கோமே."

'எழுதியிருக்கோம்' என்றதுதான் எனக்குச் சுருக்கென்று குத்தியது. அவர் முகம் கழுவப் போன கேப்பில், என் போனில் 'பொத்தான்' என்ற பெயரில் குழுவில் சேர்ந்தேன். "அந்த நாலையும் எழுதினது லிஃப்ட் அண்ணன் இல்ல, அவர் வீட்டுக் கழுத. நான் சொல்ற எதையும் நம்பாதீங்க, இதைத் தவிர."

அவர் திரும்பி வந்து பண்ணை விமர்சனத்தைத் திருத்தினார்: "சுரங்கத்துக்குள் லிஃப்ட் இருக்கிறது. இல்லை என்று எழுதியது தப்பு, மன்னிக்கவும். வடம் பழசு, கதவு சரியாக மூடுகிறது. வாங்குங்கள்."

பதிலுக்காகத் திரையையே பார்த்தபடி அவர் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார். அப்புறம் அரைத்தூக்கம் வந்தார்.

"வாங்கிட்டேன் அண்ணே. சுரங்கம் எந்தப் பக்கம்?"

சித்திக்குக் கேட்கும்படி அதை இரண்டு தடவை வாசித்தார். பிறகு ஒற்றை விரலால் வழி சொல்லத் தொடங்கினார், எழுத்துக்கு ஒரு நிமிஷம்.

"நான் அடிச்சுத் தரவா சித்தப்பா?"

"கீபோர்டுல கை வச்சே, ஒடச்சிடுவேன்" என்று சொல்லிக்கொண்டே நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தி எனக்கு இடம் விட்டார்.