ஜாலாம்மாவின் செம்புத் தண்ணீர்

செஞ்சிக்கு வருகிறவர்களுக்கு மூன்று மலையைக் காட்டுவார்கள். அப்புறம் கல்யாண மகால், நெற்களஞ்சியம், யானைக்குளம். இந்தக் கோட்டைக்காக மராத்தியரும் மொகலாயரும் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் அடித்துக்கொண்டார்கள் என்று பெருமையாகச் சொல்வார்கள். அடித்துக்கொண்டு என்ன கண்டார்கள்? மகாலின் படியேறிப் போய்ப் பாருங்கள். எவளோ ஒருத்தியின் பெயரைக் கரியால் கிறுக்காத சுவர் கிடையாது. மூலைக்கு மூலை மூத்திர நாற்றம். கோட்டைக்குப் போகிற பாதையில் பல வருஷம் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தவன் நான். என்னைக் கேட்டால் பாதையோரம் இருக்கிற சின்னக்குளத்தைத்தான் காட்டுவேன். ராஜாக்கள் யாரும் அங்கே எதையும் பிடிக்கவில்லை, எதையும் விடவில்லை. ஆனால் இந்த ஊர் எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ள அந்தக் குளம் போதும்.

அந்தக் கரையில் ஜ்வாலாமாலினி மோர்க்கடை வைத்திருந்தாள். தொண்டூர்ச் சமணக் குடும்பத்துப் பெண். செஞ்சியில் மணிலாக்கொட்டை மண்டியில் வேலையாயிருந்தவருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தாள். அவர் விஷக்காய்ச்சலில் போய்விட்டார். பிள்ளை குட்டி இல்லை. பிறந்த வீட்டில் கூப்பிட்டார்கள், போகவில்லை. நாலு மூங்கிலை நட்டு, கீற்றை வேய்ந்து, இரண்டு பானையோடு உட்கார்ந்துவிட்டாள். ரோட்டோரத்தில் கடை போட்டதற்கு உறவுக்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஊர்க்காரர்கள் வாயில் அவள் பெயர் நுழையவில்லை. ஜாலாம்மா என்று சுருக்கிவிட்டார்கள்.

அவள் மோரில் இஞ்சி இருக்காது. மண்ணுக்குள் விளைகிற எதையும் அவள் தொட மாட்டாள். வெயிலில் மலையேறி இறங்கி வருகிற பட்டணத்துக்காரர்கள், இஞ்சி இல்லாமல் இது என்ன மோர் என்று கேட்டுக்கொண்டே மூன்று குவளை குடிப்பார்கள். சூரியன் சாய்வதற்குள் சாப்பிட்டுவிட வேண்டுமென்று பொழுதோடு கடையைக் கட்டிவிடுவாள்.

இதெல்லாம் ஊருக்குப் பழகிவிட்டது. பழகாதது ஒன்றுதான். குளத்திலிருந்து கொண்டுவந்த தண்ணீரை இரட்டை மடிப்புத் துணியில் வடிகட்டுவாள். அதோடு விட்டால் யாரும் கேட்கப்போவதில்லை. துணியைத் திருப்பிப் போட்டு, வடிகட்டிய தண்ணீரையே ஊற்றி அலசி, அந்த அலசலை ஒரு பித்தளைச் செம்பில் பிடிப்பாள். பிறகு அதை எடுத்துக்கொண்டு போய், எந்தக் குளத்தில் மொண்டாளோ அதே குளத்தில், செம்பைத் தண்ணீருக்குள் அமுக்கி மெதுவாகச் சாய்த்துவிட்டு வருவாள். உதடு ஏதோ முணுமுணுக்கும்.

"இன்னா யக்கா, குளத்துக்குப் பால் ஊட்றியா?" என்று காஸ்பர் கேலி செய்வான். பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆட்களைக் கோட்டைக்குக் கொண்டுவந்து விடுகிற ஜட்கா வண்டிக்காரன் அவன். வேதக்காரன். அவளை உடன்பிறந்தவள் மாதிரி நினைத்தவன்.

"கண்ணுக்குத் தெரியாத உயிருங்க காஸ்பரு. அதுங்க வூட்ல அதுங்கள வுட்டுட்டு வரணும் இல்ல?" என்பாள்.

எனக்குக்கூட உள்ளுக்குள் சிரிப்புத்தான். ஆனாலும் இந்த ஊரில் அந்தக் குளத்துக்குள் எச்சிலைத் துப்பாமல், சாக்கடையை விடாமல், எடுத்ததைத் திருப்பிக் கொடுத்த ஒரே ஆள் அவள்தான். அதற்குத்தான் அனுபவித்தாள்.

அறுபத்தி நாலாம் வருஷம். குளத்தின் மீன் குத்தகை விநாயகத்திடம் இருந்தது. ஆனி மாதத்தோடு முடிகிறது. தண்ணீர் வற்றிச் சேறும் முள்ளுமாகக் கிடந்ததில் வலை கிழிந்ததே தவிர மீன் வரவில்லை. குத்தகை முடிவதற்குள் அடியோடு வழித்துவிட வேண்டுமென்று அந்த மனுஷன் வயலுக்கு அடிக்கிற பூச்சி மருந்தை ராத்திரியோடு ராத்திரியாகக் குளத்தில் ஊற்றிவிட்டான். விடியற்காலையில் குளம் முழுக்க வெள்ளை வெள்ளையாக வயிற்றைக் காட்டிக்கொண்டு மீன். அதை அள்ளிக் கூடை கூடையாகச் சந்தையில் விற்றான். தெரிந்தவர்களுக்கு ஆளுக்கு நாலு கெண்டை ஓசியில் கொடுத்தான். மருந்தில் செத்த மீன் என்று தெரிந்தே கொடுத்தான்.

மதியத்துக்குள் வீட்டுக்கு வீடு வாந்தி. நல்ல வேளை, சாவு விழவில்லை. குளத்தில் தண்ணீர் குடித்த எருமை ஒன்று மட்டும் கரையிலேயே வாயில் நுரை தள்ளிச் செத்தது. அது பெரியவர் ஜெயராமனுடையது. ஊரில் எந்தப் பஞ்சாயத்து என்றாலும் அவர்தான் தீர்ப்புச் சொல்வார். அள்ளாமல் விட்ட மீன் வெயிலில் உப்பி வெடித்தது. நாய் தின்று நாய் கக்கியது.

எருமைக்காரர் கத்திக்கொண்டு வர, ஊரே கரையில் கூடிவிட்டது. யார் செய்தது என்று கேட்பதற்குள் விநாயகம் முந்திக்கொண்டான்.

"தெனம் செம்புல கொண்டாந்து குளத்துல ஊத்தறது யாரு? மந்திரம் சொல்லி ஊத்தறது யாரு? மீன் புடிக்கிறவன் மூஞ்சில முழிக்க மாட்டேன்னு இருக்கறது யாரு? கேளுங்கய்யா!"

அவ்வளவுதான். எல்லாத் தலையும் மோர்க்கடைப் பக்கம் திரும்பியது. தாழம்புதருக்குப் பின்னால் மருந்து டின் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. நான் அதைத் தூக்கிக் காட்டினேன். "மூந்து பாருங்கய்யா, வயலுக்கு அடிக்கிற மருந்து!" என்று கத்தினேன். "நீ போய் பஞ்சர் ஒட்டு போ" என்றான் ஒருவன். முந்தின வாரம் வரை என்னிடம் சைக்கிள் வாங்கி ஓட்டியவன்தான். காலையில் ஓசி மீன் வாங்கிய கையும்கூட.

கடைக்குள் அந்தச் செம்பு நிறைய இருந்தது. முந்தின நாள் சாயங்காலம் மொண்ட தண்ணீரின் அலசல் அது. இருட்டிவிட்டால் காலடியில் எது மிதிபடுமோ என்று அவள் குளத்துப் படி இறங்க மாட்டாள். காலையில் விடலாமென்று மூடி வைத்திருந்தாள். காலையில் பார்த்தால் குளம் இந்தக் கோலத்தில்.

"தெனம் ஊத்துவியே, இன்னிக்கு ஏன் ஊத்தல?" என்று கேட்டார் ஜெயராமன்.

"இந்தத் தண்ணியில வுட்டா செத்துடுமேங்க" என்றாள் அவள்.

"பாத்தீங்களா! தண்ணியில விஷம் இருக்குதுன்னு இவளுக்கு எப்டி தெரிஞ்சுது?" என்று விநாயகம் குதித்தான். குளம் நிறைய மீன் செத்து மிதக்கிறது, எருமை கால் நீட்டிக் கிடக்கிறது, அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்கிறான். கூட்டமும் தலையை ஆட்டுகிறது. இப்படியும் ஒரு ஊர்.

ஜெயராமன் தீர்ப்புச் சொன்னார். "இந்தாம்மா, ஒரே பேச்சு. உன் செம்புல ஒண்ணும் இல்லன்னா எங்க எதிர்ல அதக் குடி. குடிச்சிட்டா கடைய நடத்து, ஒருத்தனும் ஏன்னு கேக்க மாட்டான். இல்லன்னா இன்னிக்கே கீத்தப் பிரிச்சிட்டு ஊரப் பாத்து போயிடு."

அவளுக்கு வேறு பிழைப்பு கிடையாது. இன்னொருத்தர் வீட்டு மூலையில் கை நீட்டி நிற்கக் கூடாதென்றுதான் அந்தக் கீற்றுக்குள் வெயிலும் புழுதியுமாகக் கிடந்தாள். ஒரு செம்புத் தண்ணீர், நாலு மிடறு. முந்தின நாள் தண்ணீர், விஷமும் கிடையாது. குடித்திருந்தால் தீர்ந்திருக்கும்.

அவள் செம்பைக் கையில் எடுத்தாள். மூடியைத் திறந்து பார்த்தாள். திரும்ப மூடினாள்.

"இது குடிக்கறதுக்கு இல்லைங்க. இதுல உயிருங்க இருக்குது. காப்பாத்தி வச்சிட்டு நானே முழுங்க மாட்டேன். கீத்தப் பிரிச்சிக்கறேன். வேற நல்ல குளமா பாத்து இத வுட்டுட்டு அப்டியே போயிடறேன்."

"மாட்டிக்கிட்டா!" என்று கூச்சல் எழுந்தது. அவளை யாரும் திருடி என்றுகூடச் சொன்னதில்லை. அன்றைக்கு அவள் முகத்துக்கு நேரே சொன்ன வார்த்தைகளை நான் எழுத மாட்டேன்.

அப்போதுதான் காஸ்பர் கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்தான். "குடிச்சா போதுமாய்யா உங்களுக்கு? தா இங்க!" என்று அவள் கையிலிருந்த செம்பைப் பிடுங்கினான். "வேணாம் காஸ்பரு!" என்று அவள் பாய்வதற்குள் அண்ணாந்து மடமடவென்று குடித்து, செம்பைக் கவிழ்த்துக் காட்டிவிட்டான்.

பீடி பற்றவைத்து ஜெயராமன் எதிரிலேயே குந்தினான். எல்லாரும் அவன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒன்றும் ஆகவில்லை. பீடி முடிந்தது, இன்னொன்றும் பற்றவைத்தான். கூட்டத்துக்கு ஏமாற்றம்.

"சரி. செம்புல ஒண்ணும் இல்ல. ஜாலாம்மா கடைய நடத்தட்டும்" என்று ஜெயராமன் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். அப்படியானால் மருந்து ஊற்றியது யார் என்று ஒரு நாயும் கேட்கவில்லை. கேட்டால் ஓசி மீனுக்கும் பதில் சொல்ல வேண்டுமே.

காஸ்பர் சிரித்துக்கொண்டே கடைக்கு வந்தான். "யக்கா, பயந்துட்டியா? கடை உனுதுதான். ஒரு மோர் குடு."

அவன் செம்பைக் கவிழ்த்துக் காட்டிய இடத்திலேயே அவள் உட்கார்ந்திருந்தாள். வெறும் மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் குடிச்சிருந்தாலும் கடை நின்னிருக்கும். நீ குடிச்சும் நிக்குது. அதுங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதான்பா" என்றாள். அவன்மேல் கோபம்கூட இல்லை. அதுதான் அவனால் தாங்க முடியவில்லை.

காஸ்பர் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. அப்புறம் வண்டிக்குப் பின்னால் ஓடிப்போய்க் குனிந்து, தொண்டைக்குள் விரலை விட்டுக்கொண்டான். பைத்தியக்காரத்தனம்தான். குடித்ததை எடுத்துவிட்டால் அதில் ஏதாவது உயிரோடு வந்துவிடுமென்று நினைத்தானோ என்னவோ. ஓங்கரித்து ஓங்கரித்துத் தண்ணீராகக் கக்கினான்.

கலைந்துகொண்டிருந்த கூட்டத்தில் விநாயகம்தான் முதலில் திரும்பிப் பார்த்தான்.

"வாந்தி எடுக்கறான்யா! விஷம்தான்! நான் சொன்னேன் இல்ல?"

போனவர்கள் எல்லாரும் திரும்பி ஓடிவந்தார்கள். விஷம் குடித்தவன் எப்படி இருக்கிறான் என்று பார்க்க ஒருத்தன்கூட வண்டிப் பக்கம் போகவில்லை. நேரே கடைக்குத்தான் போனார்கள். கீற்றைப் பிய்த்தார்கள், மூங்கிலைச் சாய்த்தார்கள், மோர்ப் பானையை எட்டி உதைத்தார்கள். குறுக்கே போன என்னையும் தள்ளிவிட்டார்கள். "விஷம் இல்லடா, நானாத்தான்டா..." என்று காஸ்பர் வாந்திக்கு நடுவே கத்தினான். அது யார் காதிலும் ஏறவில்லை.

ஜாலாம்மா தன் கடைப்பக்கம் திரும்பவே இல்லை. வண்டிக்குப் பின்னால் போய், ஓங்கரிக்கிற அவன் நெற்றியை ஒரு கையால் தாங்கிப் பிடித்து, இன்னொரு கையால் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

"போதும்பா, வுடு" என்றாள். "வுடு காஸ்பரு, நீயாவது நல்லா இரு."