செட்டில் அச்சடித்திருந்த படம்

போன செவ்வாய்க்கிழமை காலை பத்தே கால் மணிக்கு, போடியில் ஒரு எலிமினேட்டர் வாங்கினோம். நேரம்கூட என் டைரியில் இருக்கிறது. வாங்கியவர் சிலமலை வேலுச்சாமி. சந்தேகப்படுவதற்காகக் கூடப் போனவன் நான்.

டேப் ரெக்கார்டருக்குப் பேட்டரி போட்டே களைத்தவர்களுக்கு இந்தச் சாமான் தெரியும். ஒரு முனை சுவரில், மறு முனை செட்டில். நடுவிலுள்ள சின்னப் பெட்டியில் வோல்ட்டைத் திருக ஒரு குமிழ். ப்ளஸ் மைனஸை மாற்ற ஒரு சுவிட்ச்.

எனக்கு நெடுநாளாக ஒரு கேள்வி. பத்துக் கம்பெனி செட்டுக்கும் பின் செருகும் துளை ஒரே அளவு. ஒன்றுக்கு நடுவில் ப்ளஸ். இன்னொன்றுக்கு நடுவில் மைனஸ்... தற்செயலா இது? நான் நம்பவில்லை. மாற்றிக் கொடுத்து நம் செட் புகைந்தால் யாருக்கோ வியாபாரம்!

கடைக்காரர் என்ன செட் என்றுகூடக் கேட்கவில்லை. பின்னைச் செருகிக் காட்டினார்.

"நுழையுதுல்ல? அம்புட்டுத்தேன்."

"நுழைஞ்சாப் போதுமா?"

"அண்ணே, நீங்க எலிமினேட்டர் வாங்க வந்தீகளா, பொண்ணு பாக்க வந்தீகளா?"

கடையில் கரண்ட் கொடுத்துப் பார்க்க நான் விடவில்லை. காரணம் உண்டு. செட் வேலுச்சாமியுடையது அல்ல. மலைமேல் ஏலத்தோட்டம் வைத்திருக்கும் சம்பந்தியுடையது. கல்யாணமாகி மூன்றே மாதமான மகள் செல்வி, அண்ணன் பிள்ளையின் காதுகுத்துக்காக மாமனாரிடம் கேட்டு அனுப்பியிருந்தாள்.

"எம்மக அந்த வீட்டுல வாய்விட்டுக் கேட்ட மொதச் சாமான்ணே" என்றார் வேலுச்சாமி. செட்டைத் துண்டில் சுற்றிக் கைக்குழந்தை மாதிரி வைத்திருந்தார்.

வெளியே வந்தால், மலைக்குப் போய்வரும் ஜீப்பு டிரைவர் எங்களைப் பார்த்துவிட்டுக் கத்தினார்.

"வேலுண்ணே! ஒங்க மக சொல்லி விட்டுச்சு. செட்டுல போட்டிருக்கதுக்கு நேர் எதிரா மாத்திப் போடணுமாம்!"

"எழுதிக் குடுத்துச்சா?" என்றேன் நான்.

"எழுத்தெல்லாம் இல்லண்ணே, வாய்ச்சொல்லுதேன். வர்றேன், லோடு நிக்கிது."

செட்டின் முதுகில் தெளிவாகப் படம் அச்சடித்திருந்தது: ஆறு வோல்ட், நடுவில் ப்ளஸ். செய்தவன் அச்சடித்தது ஒரு பக்கம். ஏலக்காய் மூட்டைக்கு நடுவில் வந்த வாய்ச்சொல் ஒரு பக்கம். எதை நம்புவீர்கள்?

"அது சொன்னா சரியாத்தேன் இருக்கும்..." என்று இழுத்தார் வேலுச்சாமி.

"டிரைவர் மாத்திச் சொல்றாரு அப்பு" என்றேன்.

மதியம் இரண்டு மணிக்கு சிலமலையில் குமிழை ஆறில் வைத்தேன். படத்தில் உள்ளபடி சுவிட்சைத் தள்ளினேன். சுவரில் சுவிட்சைப் போட்டதும் பாட்டு வரவில்லை. பிளாஸ்டிக் கருகும் வாடைதான் வந்தது.

வேலுச்சாமி என்னைத் திட்டவில்லை. செட்டை மறுபடி துண்டில் சுற்றினார். அதைத்தான் தாங்க முடியவில்லை.

வியாழக்கிழமை இரண்டு பேரும் ஜீப்பில் மலையேறினோம். போய்ச் சேர்ந்த பிறகுதான் விஷயம் விளங்கியது. அந்த வீட்டில் கரண்ட் கிடையாது. பழைய ஆறு வோல்ட் ஜீப் பேட்டரியில்தான் பாட்டு. அதற்காகச் செய்த வயரில் ப்ளஸ் மைனஸ் இடம் மாறிவிட, அங்குள்ள மெக்கானிக் வயரைத் திருத்தாமல் செட்டுக்குள்ளே இணைப்பை மாற்றிவிட்டார். முதுகிலிருந்த படத்தை யார் திருத்துவது?

சம்பந்தி செட்டை முகர்ந்து பார்த்தார். பிறகு மருமகளைப் பார்த்தார்.

"ஏத்தா, நீ சொல்லி விடலையா?"

செல்வி தகப்பனைப் பார்த்தாள். வேலுச்சாமி ஏலச் செடிகளைப் பார்த்தார். என் பெயரைச் சொல்லப் போவதில்லை என்று புரிந்தது.

"சொல்லித்தேன் விட்டுச்சு" என்றேன். "வேலுவும் சொன்னாரு. நாந்தேன் கேக்கலை."

செல்வி நிமிர்ந்தாள். சம்பந்தி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "மொதல்ல காப்பியக் குடிங்க. மெக்கானிக்கு இங்கதேன் இருக்கான்" என்றார். காதுகுத்துக்குள் சரியாகுமா என்று மெக்கானிக் இன்னும் சொல்லவில்லை.

திரும்பும்போது செவ்வாய்க்கிழமை சேதி சொன்ன அதே ஜீப்பு, அதே டிரைவர். போடியில் இறங்கப் போனேன்.

"அண்ணே, கதவத் தள்ளாதீக. உள்ள இழுத்துத்தேன் தெறக்கணும்."

ஜீப் கதவு உள்பக்கம் இழுத்தா திறக்கும்? வாய்வரை வந்துவிட்டது. எழுதிக் கொடு என்று கேட்கவில்லை.

இழுத்தேன். திறந்தது.