இடுப்பளவு தண்ணீர்

“இடுப்பளவு தண்ணிதான் அக்கா, நடந்தே கடக்கலாம்” என்று சொன்னவன் நான். சொல்லும்போது டென்மார்க்கின் விபோர்க் நகரத்தில் எங்கள் சமையலறையில் கம்பளிக் காலுறையோடு நின்றுகொண்டிருந்தேன். அக்கா வன்னியில், ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் கடல்நீர் தேங்கிய களப்புமாக ஒடுங்கிப்போன ஒரு மணல் திடலில் நின்றார். போர் முடியப்போகிறது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அவரும் ஆறு வயது மகளும் அதற்கு முன் களப்பைக் கடந்து சண்டை இல்லாத மறுகரைக்குப் போய்விட வேண்டும். யாரோ ஒருவருடைய தொலைபேசியில் அவருக்குக் கிடைத்தது மூன்று நிமிடம். அதில் அரை நிமிடத்தை என்னுடைய புவியியல் அறிவு எடுத்துக்கொண்டது. அவர் பதில் சொல்லமுன் தொடர்பு அறுந்துவிட்டது.

அந்தக் களப்பை நான் வாழ்நாளில் ஒருமுறைதான் பார்த்திருக்கிறேன். அதுவும் பஸ் ஜன்னலால், அரைத் தூக்கத்தில். இடுப்பளவு என்ற கணக்கு எங்கிருந்து வந்தது என்றால், பிள்ளைகளுக்காக நானே எழுதிய பாடக்குறிப்பிலிருந்து.

சனிக்கிழமைகளில் டெனிஷ் பள்ளிக்கூடம் ஒன்றின் வகுப்பறையை இரவல் வாங்கி எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பித்துவந்தோம். கிழமை நாட்களில் நான் ஆஸ்பத்திரி விரிப்புகள் தோய்க்கும் சலவைக்கூடத்தில் வேலை செய்பவன். புத்தகம் வாசிக்கிற ஆள் என்ற ஒரே குற்றச்சாட்டின் பேரில் என்னை ஆசிரியராக்கியிருந்தார்கள். அந்த வருடம் நான் எடுத்துக்கொண்டது தரைத்தோற்றங்கள்: மலையும் பள்ளத்தாக்கும் கழிமுகமும் எப்படி உண்டாகின்றன என்று தமிழில் சொல்ல வேண்டும். மலையைக் காட்டலாம் என்றால் இந்த நாட்டில் மலை இல்லை. டெனிஷ்காரர் வானமலை என்று பெயர் வைத்திருக்கும் குன்றுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போனேன். மூச்சு வாங்கத் தொடங்குமுன் உச்சி வந்துவிட்டது. இந்த நாட்டின் பெரும்பகுதி, பனிக்கட்டியாறு உருகிப்போனபோது கொட்டிவிட்டுப் போன மண்ணும் கல்லும்தான் என்று அங்கே நின்று விளக்கினேன்.

“அப்ப நாங்கள் மிச்சம் மீதிக்கு மேலையோ சேர் இருக்கிறம்?” என்று ஒன்பது வயதுப் பிள்ளை ஒருத்தி கேட்டாள். என் வகுப்பில் தமிழில் கேள்வி கேட்பவள் அவள் ஒருத்திதான். மற்றவர்கள் டெனிஷில் அலுத்துக்கொள்வார்கள்.

அக்காவின் அழைப்புக்குப் பிறகு வந்த சனிக்கிழமைக்கு, அட்டவணைப்படி, பாடம் கடனீரேரி. எங்கள் ஊரில் களப்பு என்று சொல்வதைப் புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறது. தள்ளிப்போட்டிருக்கலாம். ஆனால் தள்ளிப்போட்டால் ஏதோ நடந்துவிட்டது என்று நானே ஒத்துக்கொண்டதாகிவிடும் என்று தோன்றியது. வீட்டில் கேக் சுடும் அவணின் தட்டை எடுத்து மணல் நிரப்பினேன். “இனி அந்தத் தட்டிலை நான் கேக் செய்யமாட்டன்” என்றாள் மனைவி. பிறகு, “ரெலிபோனையும் கொண்டு போங்கோ, அக்கா எடுத்தாலும் எடுப்பா” என்றாள்.

அலை மணலைக் கொண்டுவந்து கரையோரமாகத் திடல் போடும், திடலுக்குப் பின்னால் தண்ணீர் அடைபட்டு நிற்கும் என்று சொல்லிச்சொல்லிக் கரண்டியால் அலை எழுப்பினேன். பிறகு குறிப்பை வாசித்தேன்: ஆழம் குறைந்தது, இடுப்பளவு.

அந்தப் பிள்ளை கையை உயர்த்தினாள். “ஆற்றை இடுப்பு, சேர்?”

“என்ன?”

“உங்கட இடுப்போ, என்ர இடுப்போ?” எழும்பி வந்து எனக்குப் பக்கத்தில் நின்று காட்டினாள். என் இடுப்பு அவளுடைய தோளுக்கு வந்தது. வகுப்பு சிரித்தது. அக்காவின் மகள் இவளைவிட மூன்று வயது சின்னவள்.

டெனிஷ் பள்ளிக்கூடத்தில் எதையும் அளந்து பார்க்கப் பழக்கியிருக்கிறார்கள். அவள் களப்புப் பக்கம் ஒரு போத்தல் தண்ணீர் ஊற்றினாள். தண்ணீர் நிறைந்து, திடலை ஓரிடத்தில் உடைத்துக்கொண்டு கடலுக்கு ஓடியது. ஓடிய வழியில் அடிமணலை ரூலரால் குத்திப் பார்த்தாள். “இஞ்சை ஆழம் சேர். தண்ணி போன இடத்தைக் கிண்டிப்போட்டுது. புத்தகத்திலை இது இல்லையோ?”

இல்லை என்றேன். தட்டைத் தூக்கும்போது பாதித் தண்ணீர் என் சப்பாத்துக்குள் போனது.

அதற்குப் பிறகு எந்தத் தண்ணீரைக் கண்டாலும் ஆழம் பார்க்கும் வியாதி வந்துவிட்டது. சலவைக்கூடத்தில் பெரிய இயந்திரத்தின் கண்ணாடிக்குள் தண்ணீர் ஏறுவதைப் பார்த்து ஆறு வயதுப் பிள்ளைக்கு எதுவரை வரும் என்று கணக்குப் போட்டேன். நகரத்து ஏரிக்கரையில் குந்தியிருந்து விளக்குமாற்றுத் தடியை உள்ளே விட்டேன். நாயோடு வந்த டெனிஷ்க் கிழவர் ஒருவர் என்ன தொலைந்தது என்று விசாரித்தார். வீட்டுத் திறப்பு என்று சொன்னேன். நல்ல மனிதர், அவரும் பத்து நிமிடம் தேடினார்.

அக்கா பேசியதிலிருந்து பதினோராம் நாள் மதியம், ஈர விரிப்புகள் நிறைந்த வண்டியைத் தள்ளிக்கொண்டிருந்தபோது அழைப்பு வந்தது.

“தம்பி, நாங்கள் இஞ்சாலை வந்திட்டம். முகாமிலை நிக்கிறம்.”

“பிள்ளை?”

“பக்கத்திலைதான் நிக்கிறாள்.”

வண்டியை ஓரமாக நிறுத்தினேன். “தண்ணி எவ்வளவு அக்கா?”

“எனக்குக் கழுத்து மட்டுக்கும் வந்தது. பிள்ளையைத் தோளிலை தூக்கினனான். முன்னுக்குப் போன ஒருத்தர் பொல்லாலை குத்திக் குத்திப் பாத்தவர். அவருக்குப் பின்னாலை போனம்.”

“நான் இடுப்பளவெண்டு சொல்லிப்போட்டன்.”

“அதை ஆர் நம்பினது? கிணத்தை எட்டிப் பாக்கவே பயப்படுற ஆள் நீ. நீ இடுப்பெண்டு சொன்னபடியால்தான் பொல்லு வைச்சிருக்கிற ஆளா நான் தேடினனான்.”

பதினொரு நாள் கொலைகாரனாக நடமாடிய எனக்கு இது ஆறுதலாக இருந்தது. கொஞ்சம் மனவருத்தமாகவும் இருந்தது.

“அந்த மனிசன் எங்களைக் கரையேத்திப்போட்டு, பொல்லைப் பிள்ளையிட்டைக் குடுத்திட்டுத் திரும்பத் தண்ணிக்கை இறங்கினவர்” என்றார் அக்கா. “தன்ரை ஆக்களைக் கூட்டியர. வந்து வாங்கிறன் எண்டவர். இன்னும் காணேல்லை. இவள் பொல்லைக் கையாலை விடுறாளில்லை.”

அடுத்த சனிக்கிழமை, குறிப்பில் இடுப்பளவு என்ற சொல்லை வெட்டும்படி வகுப்புக்குச் சொன்னேன்.

“அப்ப என்ன எழுதிறது சேர்?” என்றாள் அந்தப் பிள்ளை.

“அந்த இடத்தை வெறுமையா விடும்.”

அவள் வெட்டிவிட்டு, ரூலரை வைத்து இரண்டு வரி இடம் அளந்தாள். “இவ்வளவு இடம் காணுமோ?” என்று கேட்டாள்.