எண்ணெய்க் கையோடு திருவிருந்து

இன்று தென்காசி சர்ச்சில் திருவிருந்துக்கு எல்லாரும் எழுந்தார்கள். என் பக்கத்தில் இருந்தவர் மட்டும் எழவில்லை. அவரிடமிருந்து நல்லெண்ணெய் வாடை வந்தது. என் அப்பாவின் வாடை.

அப்பா குற்றாலத்தில் அருவிக்குக் குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறவர். எவ்வளவு சோப்புப் போட்டாலும் கையில் அந்த வாடை போகாது. வாயில் கெட்ட வார்த்தையும் போகாது. அதனால் திருவிருந்தில் அப்பமும் திராட்சை ரசமும் வாங்க அவர் போகவே மாட்டார். "ஒரு மாசம் யாரையும் ஏசாம இருந்துட்டுப் போறேன்" என்பார். சீசன் நேரத்தில் அது நடக்கிற காரியமா?

ஒரு ஞாயிறு காலை, சேலையை மடித்துக் குத்திக்கொண்டே அம்மா கேட்டாள்: "எண்ணெயும் பிசுக்குமா நிக்கிற ஆளத்தான அருவிக்கு அனுப்புதிய? மொதல்ல குளிச்சிட்டு அருவிக்கு வாலேன்னா சொல்லுதிய?"

 அன்று அப்பா வரிசையில் கடைசி ஆளாகப் போய் முழங்காலிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தவர், தன் செருப்பை மிதித்தவனை வாசலிலேயே ஏசிவிட்டார். உடனே பயந்துபோய் அம்மாவைப் பார்த்தார்.

"அடுத்த மாசமும் வரணும், அவ்வளவுதான்" என்றாள் அம்மா.

வரிசை குறைந்துகொண்டிருந்தது. பக்கத்தில் இருந்தவரிடம் குனிந்து சொன்னேன்: "வாங்க அண்ணாச்சி. நானும் வீட்ல சண்டை போட்டுட்டுத்தான் வந்திருக்கேன்."