சாரம் பிரியும்வரை

அவள் தையற்காரி. வீட்டு முன்னறையிலேயே மிஷின் போட்டிருந்தாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, துணைக்கு இருந்தது ஊன்றுகோலோடு நடக்கும் அண்ணன் மட்டும். போன மழைக்கு மேற்குச் சுவர் முழுக்க ஓதம் ஏறி, தைத்து மாட்டியிருந்த துணிகளில் கரும்புள்ளி விழுந்துவிட்டது. அடுத்த மழைக்குள் வெளிச்சுவருக்கு வண்ணம் பூசியே தீரவேண்டும்.

பெயின்டர் வந்து சுவரை விரலால் தட்டிப் பார்த்தான். சில இடங்களில் உள்ளே பொள்ளலாகச் சத்தம் கேட்டது.

"மொதல்ல எல்லாத்தையும் சுரண்டணும்க்கா. அப்புறம் கழுவி, விரிசலை அடைச்சு, நல்லா காயவிட்டு பிரைமர் அடிக்கணும். அவசரப்பட்டா ஒரே வருஷத்துல உரிஞ்சிரும்."

"சரி தம்பி."

"மாடிச் சுவர் உயரமா இருக்கு. சாரம் கட்டிரலாம்."

அவள் அண்ணாந்து மாடிச் சுவரைப் பார்த்தாள். "கலர் இன்னும் முடிவு பண்ணலப்பா. சொல்லி அனுப்புறேன்" என்றாள்.

அதற்குப் பிறகு அவன் வந்தபோதெல்லாம் நிறத்தைச் சொல்லியே தட்டிக் கழித்தாள். பச்சை கண்ணைக் குத்துகிறது, மஞ்சளில் அழுக்குத் தெரியும், வெள்ளை என்றால் ஆஸ்பத்திரி மாதிரி. வானம் கறுக்கத் தொடங்கியிருந்தது. பெயின்டர் வேறு வேலை பிடித்துக்கொண்டு போய்விடுவானோ என்ற கவலை ஒருபக்கம், வந்து ஏறிவிடுவானோ என்ற பயம் மறுபக்கம். கத்தரி பிடித்த கை ஒரு ரவிக்கையைக் கோணலாக வெட்டியது.

அண்ணனுக்குப் புரிந்துவிட்டது. அவரும் ஒரு காலத்தில் பெயின்டர்தான். யாரோ ஒருவர் வீட்டுக்கு வண்ணம் பூசும்போது சாரத்திலிருந்து விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டவர். அன்று அவருக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கீழே நின்றிருந்தாள் இவள்.

"கலர்ல என்ன இருக்கு? உனக்குப் பயம் சாரந்தானே?" என்றார்.

அவள் கத்தரியைக் கீழே வைத்தாள்.

"நல்ல கூத்து! விழுந்தது நான், எலும்பு உடைஞ்சது எனக்கு. பயம் மட்டும் உனக்கா?"

"நீ விழுந்ததை நீ பாக்கலண்ணா. நாந்தான் பாத்தேன்."

எதற்கும் ஒரு கேலி வைத்திருக்கும் அண்ணன் சட்டையை எடுத்து மாட்டினார். கோலை எடுத்துக்கொண்டு அவரே தெருமுனைவரை நடந்துபோய்ப் பெயின்டரைப் பார்த்துவிட்டு வந்தார். "பெல்ட் மாட்டாம ஒருத்தனும் ஏற மாட்டான். பேசிட்டேன்" என்றார்.

சாரம் கட்டிய அன்று அவள் ஒவ்வொரு கம்பத்தையும் பிடித்து உலுக்கினாள். கட்டின கயிற்றையே மறுபடி இறுக்கச் சொன்னாள்.

"அக்கா, நீங்க உலுக்குற உலுக்கல்ல வீடே விழுந்திரும்" என்று பெயின்டர் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, அண்ணன் அதட்ட அதட்ட, முதல் தட்டுவரை தானே ஏறினாள். பலகை ஆடவில்லை. இறங்கியதும் "சரி, ஏறுங்க" என்றாள். மேலே கையைக் காட்டினாள்.

அன்று மிஷின் ஓடவில்லை. சுரண்டிய சுண்ணாம்பு தலையில் உதிர உதிர, கழுத்து வலிக்க அண்ணாந்தபடியே நின்றாள். சாயங்காலம் பெயின்டர் இறங்கி, இரண்டு காலையும் தரையில் வைத்த பிறகுதான் மூச்சு விட்டாள்.

"நாளைக்கும் ஏறணுமா தம்பி?"

"இன்னும் சுரண்டியே முடியலையேக்கா!"

சுரண்டி, அடைத்து, காயவிட்டு, பூசி முடியும்வரை அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பயமும் ஒருநாள்கூடக் குறையவில்லை. ஆனாலும் வேலையை நிறுத்தச் சொல்லவில்லை. யாருக்கும் ஒரு கீறல்கூடப் படவில்லை. சாரத்தைப் பிரித்து வண்டியில் ஏற்றிக்கொண்டு போன மத்தியானம், புதுச் சுவரைப் பார்க்க அண்ணன் வாசலிலிருந்து கூப்பிட்டார். பதில் இல்லை. உள்ளே வந்து பார்த்தால், மிஷின் மேலேயே தலையைச் சாய்த்து அவள் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அவர் எழுப்பவில்லை.